மூவரில் இருவர்

எங்கள் அஞ்சல்பெட்டி நிற்பது லோடன் வட்டாரத்தில்.
வீடு சாலைக்கு இந்தப் பக்கம், கார்விக் வட்டாரத்தில்.
எந்தப் பள்ளி என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்,
ஆகஸ்ட் பதினைந்துக்குள்.

வடக்கு டகோட்டாவுக்கு வந்து ஆறு வாரம்.
தானியக் கிடங்கில் லாரி எடைபோடும் வேலை எனக்கு.
நிறைந்து வரும்போது ஒருமுறை,
காலியாகப் போகும்போது ஒருமுறை,
கழித்தால் கோதுமை.
பள்ளிகளையும் அப்படிக் கழித்துப் பார்த்துவிடலாம் என்றுதான்
மாநிலம் அனுப்பிய அட்டவணையை
சமையல் மேசையில் விரித்தேன்.

நான்காம் வகுப்பு, கணக்கு: நட்சத்திரக் குறி.
நான்காம் வகுப்பு, வாசிப்பு: நட்சத்திரக் குறி.
அந்தப் பள்ளிக்கும் அதே, இந்தப் பள்ளிக்கும் அதே.
இரவு வானத்தை நகலெடுத்து அனுப்பியிருந்தார்கள்.
அடியில் பொடி எழுத்தில்:
பத்துப் பேருக்குக் குறைந்தால்
எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடும்,
ஆகவே எண் தருவதில்லை.

பெட்ரோல் பங்க் கல்லாவில் இருக்கும் ஆர்டிஸுக்கு
அந்த விதி பொருந்தாது.
"கார்விக்கா? அறுபத்தாறு சதவீதம்," என்றாள்
மீதிச் சில்லறையை எண்ணியபடி.
"மூன்று பேர் எழுதினார்கள், இரண்டு பேர் தேறினார்கள்.
தேறாதவன் வெட்ஸ்டைன் வீட்டு ரூபன்.
முந்தின இரவு தலைச்சன் பசு ஒன்று
கன்று போடமுடியாமல் திணறியது.
மூன்று மணிவரை டார்ச் பிடித்தவன் அவன்தான்.
காலையில் பின்னக் கணக்கின்மேல்
தலை வைத்துத் தூங்கிவிட்டான்."
"கன்று?"
"நானூறு பவுண்டு தாண்டிவிட்டது."

லோடனுக்குப் போனேன்.
எண்ணெய் வரிப்பணத்தில் எழும்பிய புதுக் கட்டடம்.
இசை அறையில் பதினெட்டு டிரம்பெட், ஊத இரண்டு பேர்.
செல்மர் ஆஸ்டட் ஒவ்வொன்றாக எடுத்து
எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.
மறுநாள் கார்விக் போனால், ஒழுகும் நூலகத்தில்
வாளிக்குப் பக்கத்தில் அதே செல்மர், அதே மஞ்சள் சட்டை.
திங்களும் புதனும் அங்கே, செவ்வாயும் வியாழனும் இங்கே,
வெள்ளி பாதிநாள் காரில்.
"இரண்டில் எது நல்ல பள்ளி?"
"நான் வராத நாளில் வந்து பாருங்கள்," என்றார்.

முப்பது வருடம் முறைத்துக்கொண்ட ஊர்கள் இவை.
ஆறு பேர் ஆடும் ஃபுட்பாலுக்கும் பையன்கள் போதாமல்
இப்போது ஒரே அணி, ஒரே பனியன்,
நெஞ்சில் கார்விக், முதுகில் லோடன்.
ஜெயித்தால் ஒன்றாக ஜெயிக்கிறார்கள்.
தோற்றால் தனித்தனியே தோற்கிறார்கள்.

என் மகன் டோபின் கேட்டது ஒரே கேள்வி.
"என்னையும் சேர்த்து எத்தனை பேர்?"
"லோடனில் எட்டு. கார்விக்கில் நாலு."
தட்டில் இருந்த பட்டாணியை
நாலு நாலாகப் பிரித்தான்.
"நாலுன்னா பந்து சீக்கிரம் வரும்."

நாங்கள் விட்டுவந்த நகரத்துப் பள்ளியில்
ஆயிரத்து இருநூறு பேர்.
போன பிப்ரவரியில் மூன்று நாள் அவன் வகுப்புக்கே போகவில்லை,
பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தான்.
ஒருவரும் கேட்கவில்லை.
அந்தப் பள்ளியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை,
எல்லாக் கட்டத்திலும் எண்கள், தசம புள்ளியோடு.

இங்கே அவனுக்குக் காய்ச்சல் வந்தால்
கால்வாசி வகுப்பு படுத்துவிடும்.

கார்விக் அலுவலகத்து லவோன்
நேற்று போனில் கேட்டாள்,
"பையனுக்குக் கால் அளவு என்ன?
அக்டோபரிலேயே பனி வந்துவிடும்.
ரூபனுக்குப் பத்தாமல் போன பூட்ஸ் இங்கே இருக்கிறது."
இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.
"பூட்ஸுக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள்.

இன்று பதினான்காம் தேதி.
படிவத்தில் கார்விக்கின் முதல் எழுத்தைப் போட்டதும்
பேனா நின்றது.
இவன் சறுக்கினால் அது நட்சத்திரத்தின் அடியில் ஒளியாது.
கல்லாவில் நிற்கும் யாரோ ஒருவருக்கு
சில்லறையோடு சேர்த்து எண்ணிக் கொடுப்பாள் ஆர்டிஸ்.
எங்கள் வீட்டில் மாடும் இல்லை, காரணம் சொல்ல.

மீதி எழுத்தையும் எழுதிவிட்டு
லவோனைக் கூப்பிட்டு அளவைச் சொன்னேன்.
"ஒரு அளவு பெரிசு," என்றாள்.
"இரண்டு சாக்ஸ் போடச் சொல்லுங்கள்."